இருநூற்று எண்பத்தேழு பேரில் ஒருவர்

புக்கிட் லாடா தோட்டத்தில் போன தேர்தலில் தினேஸ்வரனுக்கு ஓட்டுப் போட்டவர் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் கிளீட்டஸ். மற்றவர்களைக் கேட்டால், ஒருவர் அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தார். ஒருவர் எதிர்க்கட்சிக்குப் போட்டார். ஒருவர் பெட்டி வரைக்கும் போய், மனசு கேட்காமல் சீட்டில் குறுக்கே கோடு கிழித்துவிட்டு வந்தார். ஆனால் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் எண்ணியபோது தினேஸ்வரனுக்கு விழுந்திருந்தவை இருநூற்று எண்பத்தேழு. மீதி இருநூற்று எண்பத்தாறு ஓட்டும் எங்கிருந்து வந்தன என்பதற்கு யாரும் விளக்கம் சொல்லவில்லை.

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. பள்ளியில் வயதுவாரியாக நான்கு வகுப்பறைகளை ஓட்டுக்கு ஒதுக்கியிருந்தார்கள். முதல் அறையில் அறுபது ஆன மூத்தவர்கள், நான்காவதில் இளையவர்கள். எண்ணுவதும் அறைவாரியாகத்தான். முதல் அறையில் மட்டும் தினேஸ்வரனுக்கு நூற்றுப்பத்து. ஆக, போடவே இல்லை என்று சாதிப்பவர்களில் நூறு பேருக்குக் குறையாமல் அறுபதைத் தாண்டியவர்கள், வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள், பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று பேரப்பிள்ளைகளை மிரட்டுகிறவர்கள்.

கிளீட்டஸ் மறுக்காததற்குக் காரணம் அவருடைய நேர்மை என்று அவசரப்பட்டு நினைத்துவிட வேண்டாம். அவரால் மறுக்க முடியாது, அவ்வளவுதான். தேர்தல் நேரத்தில் பதினான்கு நாள், காலையும் மாலையும், வேன் கூரையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தோட்டம் முழுக்கத் தினேஸ்வரன் புகழ் பாடியது அவர் குரல். கைக்குழந்தைகள்கூட அந்தக் குரலை அடையாளம் காட்டும்.

கிளீட்டஸுக்கு வயது அறுபத்திரண்டு. பிறந்தது இதே தோட்டத்தில். மலாயில் லாடா என்றால் மிளகு, புக்கிட் என்றால் குன்று. தோட்டத்தில் மிளகும் கிடையாது, குன்றும் கிடையாது. அப்பா காலத்தில் ரப்பர் இருந்தது, இப்போது செம்பனை. ஐந்தாம் படிவம் முடித்ததும் பத்து பிரெண்டாமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்குப் போய் இருபத்திரண்டு வருடம் ஈயம் பற்ற வைத்தார். ஒருமுறை அந்தோணியார் திருவிழாவில் பூசை நடுவில் சாமியாரின் மைக் செத்துப்போனது. கிளீட்டஸ் எழுந்து போய் ஒயரைத் திருகிச் சரிசெய்து, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சோதித்துப் பார்த்தார். கோயிலில் இருந்த அத்தனை பேரும் தலை நிமிர்ந்தார்கள். அன்றைய பிரசங்கம் யாருக்கும் நினைவில்லை. அந்த ஒன்று, இரண்டு, மூன்றைப் பற்றி மட்டும் ஒரு வாரம் பேசினார்கள்.

வீட்டில் அவருக்குக் கீச்சுக்குரல். மனைவி அக்னஸ், தோட்டத்து ஆபீஸில் இருபத்தெட்டு வருடம் கடிதம் அடிக்கும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், அடுப்படியிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து முறையாவது "என்னா? கேக்கல!" என்பார். அதே குரல் மைக் வழியாக வரும்போது எங்கிருந்தோ ஒரு கம்பீரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். தொழிற்சாலையை விட்டுவிட்டு மைக் செட் வாங்கினார். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, பள்ளி விளையாட்டுப் போட்டி எல்லாவற்றுக்கும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் வாசிக்கிறவரே மாரியம்மன் திருவிழாவில் "அன்னையின் அருள்பெற அனைவரும் வாரீர்" என்று அழைப்பார். இரண்டு பக்கத்திலும் யாரும் ஆட்சேபித்ததில்லை.

அந்தத் தொழிலுக்கு ஒரு தர்மம் இருக்கிறது. மைக்கைப் பிடித்தவன் "தெரியாது" என்று சொல்லக்கூடாது. தெங்கேராவில் மாப்பிள்ளை இன்னும் முகச்சவரம் செய்துகொண்டிருப்பார். இங்கே கிளீட்டஸ், "மணமகன் வந்துகொண்டே இருக்கிறார்" என்பார். கறி இன்னும் லோரியில் இருக்கும். "விருந்து தயாராகிக்கொண்டே இருக்கிறது" என்பார். இதை யாரும் பொய் என்று சொல்வதில்லை. வந்தவர்கள் எழுந்து போய்விடாமல் உட்கார வைக்கும் உபசாரம் அது. இருபது வருடத்துக்கு மேல் அதைச் செய்ததில், இன்னும் வராத எதையும் வந்துகொண்டே இருப்பதாகச் சொல்வது கிளீட்டஸுக்கு மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது.

தினேஸ்வரன் தோட்டத்துக்கு முதன்முதலில் வந்தபோது அவர் தெங்கேராவில் ஆபீஸ் வைத்திருந்த இளம் வக்கீல். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். கிளீட்டஸ் வீட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அக்னஸ் வைத்த நெத்திலிச் சம்பலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். யார் எதைச் சொன்னாலும் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். முந்தைய வேட்பாளர்கள் யாரும் எழுதிக்கொண்டதில்லை. எழுதிக்கொண்டதே பாதி நிறைவேறிய மாதிரி இருந்தது.

தோட்டத்துக்காரர்கள் கேட்டது ஒன்றே ஒன்று, பஸ். முன்பெல்லாம் பெம்பான் டவுனுக்கு நாளைக்கு நான்கு நடை ஓடியது. ஆள் ஏறவில்லை என்று ஏழு வருடத்துக்கு முன் நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய பிறகு மோட்டார் சைக்கிள் இருந்தவர்கள் அதில் போனார்கள், இல்லாதவர்கள் பெரிய ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர் நடந்தார்கள். இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் விடியாத இருட்டில் நடந்தார்கள். மீனம்மாவும் நடந்தார். அவருக்கு ஐம்பத்தாறு வயது. பெம்பானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டிக்கு மாவு பிசைகிறவர், கடைசி வரிசைக் கோடி வீட்டுக்காரர்.

"தம்பி, மத்ததெல்லாம் அப்புறம். பஸ்ஸு வருமா?" என்று கேட்டவரும் அவர்தான்.

"பஸ் விஷயத்தைக் கண்டிப்பா பாக்கறேங்கக்கா," என்றார் தினேஸ்வரன், எழுதிக்கொண்டே.

மறுநாள் காலை கிளீட்டஸின் வேன் கிளம்பியது. "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே! உங்கள் வீட்டு வாசலுக்கு இதோ பஸ் வந்துகொண்டே இருக்கிறது! அதைக் கொண்டுவரும் பிள்ளை தினேஸ்வரன்! இது கிளீட்டஸ் தரும் வாக்கு!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தினேஸ்வரன் திரும்பிப் பார்த்தார். மறுக்கவில்லை. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அன்றைக்கு மத்தியானம் அக்னஸ் கேட்டார். "அந்தப் பையன் பாக்கறேன்னுதானே சொன்னான்? நீங்க என்னா வந்துக்கிட்டே இருக்குங்கிறீங்க?"

"மைக்ல அப்படித்தான் சொல்லணும்லா."

"அப்ப எலெக்சன்ல நிக்கறது யாரு, மைக்கா?"

பதினான்கு நாளும் கிளீட்டஸ் கூலி வாங்கவில்லை. நம்பினார். நம்பிக்கைக்காக உழைக்கும்போது தொண்டை கட்டுவதில்லை என்று அப்போது சொல்லிக்கொண்டிருந்தார்.

தினேஸ்வரன் ஜெயித்து சட்டமன்ற உறுப்பினர், அதாவது ஒய்பி, ஆனார். நன்றி சொல்ல லோரியில் மேளத்தோடு ஒருமுறை வந்தார். வேட்பாளராக இருந்தவரை ஆளாக வந்தவர், அதற்குப் பிறகு படமாக வந்தார். பொங்கலுக்கு ஒரு பதாகை, சீனப் பெருநாளுக்கு ஒன்று, நோன்புப் பெருநாளுக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று. எல்லாவற்றிலும் அதே சிரிப்பு, சட்டை மட்டும் பண்டிகைக்குத் தகுந்தபடி மாறும். பதாகைகள் எதுவும் வீணாகவில்லை. நல்ல கனமான துணி. கோழிக்கூண்டுக்குக் கூரை ஆயிற்று, மோட்டாருக்கு மழை மறைப்பு ஆயிற்று. மாரியம்மன் கோயில் தலைவர் மருதமுத்து வீட்டுப் பின்புறத்தில், விறகுக்கு மேல், ஒய்பி இன்றைக்கும் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார். மக்களுக்கு நிழலாக இருப்பேன் என்று மேடையில் சொன்னதை அவர் காப்பாற்றவில்லை என்று சொல்ல முடியாது.

பஸ் மட்டும் வரவில்லை.

ஒரு வருடம் ஆனதும் மறுப்புகள் ஆரம்பித்தன. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு துணிச்சலாக. மருதமுத்துவின் தங்கை மகள் கல்யாணத்தில் கிளீட்டஸ், "விருந்து தயார், அனைவரும் உணவருந்த வாருங்கள்" என்று அறிவித்தார். ஒருவரும் அசையவில்லை.

"அண்ணே, சாப்பாடு வந்துருச்சா, இல்ல வந்துக்கிட்டே இருக்கா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

மண்டபமே சிரித்தது. அன்றைக்குச் சாப்பாடு நிஜமாகவே தயாராக இருந்தது. ஆறிப்போன பிரியாணியைத்தான் எல்லாரும் சாப்பிட்டார்கள். அடுத்த மூன்று கல்யாணங்களுக்கு அலோர் காஜாவிலிருந்து வண்ண விளக்கோடு வேறொரு மைக் செட் வந்தது.

மீனம்மாவின் வழி தனி வழி. காலையில் தோட்டத்து ரோட்டில் நடந்து போகும்போது கிளீட்டஸின் வேனைப் பார்த்தால் குடையை மடக்கி, கையை நீட்டி நிறுத்துவார்.

"பெம்பான் போகுமாண்ணே?"

"ஏறு மீனம்மா."

அவர் பின்கதவைத் திறந்து ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு நடுவில் ஏறி உட்காருவார்.

"முன்னாடி வந்து உக்காரேன்."

"பஸ்ஸுல டிரைவர் பக்கத்துல உக்காந்தா நாலு பேரு என்னா சொல்வாங்க? நீங்க ஓட்டுங்க."

"எம்மேல மட்டும் ஏறுறியே, நீயும்தானே அவனுக்குப் போட்ட?"

"நானா? சேச்சே! அன்னைக்கு எனக்கு முட்டி வலி. வாசப்படியே தாண்டல."

கிளீட்டஸ் வண்டியைக் கிளப்பினார். முதல் அறைக்கு வெளியே வரிசையில் தனக்கு நான்கு பேர் முன்னால் மீனம்மா நின்றிருந்ததை அவர் பார்த்திருக்கிறார். அறுபது ஆகாதவருக்கு முதல் அறையில் என்ன வேலை என்று அப்போது கேட்டதற்கு, அடையாள அட்டையில் அப்பா வயதைக் கூட்டி எழுதிவிட்டதாகச் சொல்லி அரைமணி நேரம் அப்பாவைத் திட்டிக்கொண்டிருந்தவர் அவர்.

கேலி அவருக்குப் பழகிவிட்டது. பழகாதது வேறு. மழை நாளில் அந்த ரோட்டில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்தால், தன் குரலே காதில் விழுகிற மாதிரி இருந்தது. வாக்குக் கொடுத்தது தினேஸ்வரன் இல்லை, தான். பஸ் வராத வரைக்கும் தான் எதைச் சொன்னாலும் எடுபடாது.

ஜாசினில் ஒரு கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒய்பியின் சேவை மையத்துக்கு ஐந்து தடவை போனார். ஒய்பி ஒருதடவை மீட்டிங், ஒருதடவை வெளிநாடு, பிறகு மறுபடியும் மீட்டிங். உதவியாளராக இருந்த பமேலா, கிளீட்டஸ் போகும் அந்தோணியார் கோயிலில் பாடகர் குழுவில் பாடுகிற பெண். ஐந்தாம் தடவை அவளுக்கே பொறுக்கவில்லை.

"அங்கிள், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எந்தெந்த இடம் நமக்குப் போட்டது, எது போடலன்னு ஒய்பி ஒரு லிஸ்ட் வச்சிருக்காரு. அதுல புக்கிட் லாடா போடலன்னு இருக்கு."

"என்னாம்மா இது! அந்தப் பள்ளிக்கூடத்துல எரநூத்தி எம்பத்தேழு!"

"அதெல்லாம் பக்கத்து கம்போங்காரங்க போட்ட ஓட்டுன்னு நெனைக்கிறாரு. உங்க தோட்டத்து ஆளுங்கதான் எல்லா எடத்துலயும் சொல்றாங்களே, நாங்க போடல, நாங்க போடலன்னு. ஃபேஸ்புக்ல ஒய்பி படத்துக்குக் கீழயே வந்து எழுதுறாங்க அங்கிள். அதைப் பாத்துட்டு ஒய்பி, அப்ப நான் ஏன்லா இவங்களுக்கு பஸ் கேட்டு அலையணும்னுட்டாரு."

படியிறங்கி வரும்போது கிளீட்டஸுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஏமாந்த வெட்கத்தில் ஊரார் சொன்ன பொய் அது. ஏமாற்றினவர் மட்டும் அதை மனமார நம்பியிருக்கிறார். இனி பஸ் வேண்டுமென்றால் ஊரே திரும்பி வந்து, ஆமாம், நாங்கள்தான் இந்த மனிதரைத் தேர்ந்தெடுத்தோம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதைவிட நடப்பதே மேல் என்று நினைக்கக்கூடியவர்கள் புக்கிட் லாடாவில் நிறையப் பேர் இருந்தார்கள்.

அன்று சாயங்காலமே ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போனார். முதல் பக்கத்தின் தலைப்பில் "ஒய்பிக்கு ஓட்டுப் போட்டவர்கள்" என்று எழுதி, ஒன்று என்று எண் போட்டுத் தன் பெயரை எழுதியிருந்தார். இரண்டு என்ற எண் கடைசி வரைக்கும் காலியாகவே இருந்தது.

மருதமுத்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தலைப்பை வாசித்துவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "ஓட்டு ரகசியம்லா, கிளீட்டஸ். கவர்மெண்டே கேக்கக்கூடாது. நீங்க யாரு கேக்க?"

"அப்ப எதிர்க்கட்சிக்குப் போட்டேன்னு கோப்பிக்கடையில ஊருக்கெல்லாம் சொல்றீங்களே தலைவரே, அது ரகசியம் இல்லையா?"

"அது ரகசியம் இல்ல. அது பெருமை."

அக்னஸிடம் கேட்கவே இல்லை. அவர் எதிர்க்கட்சிக்குப் போட்டவர் என்பது வீட்டில் தினமும் மூன்று வேளையும் பரிமாறப்படும் செய்தி. "நான் அப்பவே சொன்னேன்" என்ற வாக்கியத்தோடுதான் அது தொடங்கும்.

அந்த வருடத் தீபாவளிக்கு, தொகுதி மக்களை அழைத்து ஒய்பி வைக்கும் திறந்த இல்ல விருந்து புக்கிட் லாடாவுக்கு வந்தது. அன்பினால் அல்ல, ஜாசின் மண்டபம் யாருக்கோ கல்யாணத்துக்குப் போய்விட்டதால். இடம் மாரியம்மன் கோயில் மண்டபம், நேரம் காலை பதினொன்று. அலோர் காஜா மைக் செட்டுக்காரருக்கு அன்றைக்கு வேறு வேலை இருந்ததால் மருதமுத்து வேறு வழியில்லாமல் கிளீட்டஸைக் கூப்பிட்டார்.

பதினொன்றுக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. ஒய்பி வந்து முதல் தட்டை எடுக்காமல் யாரும் சாப்பிடக்கூடாது என்பது ஏற்பாடு. பதினொன்றரைக்குக் கிளீட்டஸ் மைக்கை எடுத்து, "மாண்புமிகு ஒய்பி அவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்" என்றார். சிரிப்பு. பன்னிரண்டுக்கு மறுபடி சொன்னார். இன்னும் பெரிய சிரிப்பு. பமேலாவுக்குப் போன் போட்டார்.

"அலோர் காஜாவுல இன்னொரு விருந்துல இருக்கோம் அங்கிள். ஒய்பி இப்பத்தான் தோசைக்கு உக்காந்திருக்காரு. நீங்க வந்துக்கிட்டே இருக்காருன்னே சொல்லிக்கிட்டு இருங்க."

பன்னிரண்டரைக்கு அதையே சொன்னார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. குழந்தைகள் அழுதார்கள். சமையல்கட்டில் அக்னஸும் மற்றப் பெண்களும் மூடி வைத்த பாத்திரங்களைக் காவல் காத்தார்கள். முன்வரிசையில் மீனம்மா, ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர், கையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்.

ஒரு மணிக்குக் கிளீட்டஸ் எழுந்தார். மைக்கைத் தட்டினார்.

"ஒரு அறிவிப்பு. ஒய்பி வந்துகொண்டே இருக்கிறார்னு ஒன்றரை மணி நேரமா சொன்னேன். அது உண்மை இல்ல. பன்னெண்டு மணிக்கு அலோர் காஜாவுல தோசை சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. இப்ப எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியாது."

எல்லாரும் மேடையைப் பார்த்தார்கள். ஒய்பி வராததைவிட, அந்தக் குரல் தெரியாது என்று சொன்னதுதான் அவர்களைத் திடுக்கிட வைத்தது.

"பஸ்ஸும் வந்துகொண்டே இல்ல. அவரு பாக்கறேன்னுதான் சொன்னாரு. வருதுன்னு சொன்னது நான். வாய்ப்பழக்கம். என் தப்பு. அதுக்கு நீங்க என்னைக் கேலி பண்ணலாம், இன்னும் ரெண்டு வருசத்துக்குப் பண்ணலாம்." மைக்கை இடது கைக்கு மாற்றினார். "ஆனா இன்னொரு சங்கதி இருக்கு. சேவை மையத்துல நம்ம தோட்டத்துக்கு நேரா, இவங்க போடலன்னு எழுதி வச்சிருக்காங்க. எழுதிக் கொடுத்தது யாரு? நாமதான். கடையில, ஃபேஸ்புக்ல, எல்லா எடத்துலயும் சொன்னோம். போடாதவனுக்கு பஸ் எதுக்குன்னு அவரு விட்டுட்டாரு. இப்ப நான் கேக்கறேன். அவருக்குப் போட்டவங்க கையத் தூக்குங்க. இதோ, நான் தூக்கிட்டேன்."

ஒரு கை மட்டும் மேடையில் நின்றது. கிளீட்டஸுக்குத் தோள் வலித்தது. இறக்கிவிடலாமா என்று நினைத்தபோது முன்வரிசையில் நாற்காலி நகர்ந்தது.

"அந்த முட்டி வலியோடதான் போயிப் போட்டேன்!" மீனம்மா எழுந்து நின்று கையை உயர்த்தினார். "என்னாங்கிறீங்க இப்ப?"

யாரோ சிரித்தார்கள். பக்கத்தில் ஒரு கை எழுந்தது. காய்ச்சலில் படுத்திருந்தவர் கை, சீட்டில் கோடு கிழித்தவர் கை, அதற்குப் பின்னால் இரண்டு வரிசை முழுதாக. மருதமுத்து இடமும் வலமும் பார்த்துவிட்டுக் காதைச் சொறிகிற மாதிரி பாதி உயரத்துக்குத் தூக்கினார். சமையல்கட்டு வாசலில் ஒரு கரண்டி உயர்ந்தது. அதைப் பிடித்திருந்தவர் அக்னஸ்.

கிளீட்டஸ் மைக்கை மறந்துவிட்டார். "நீயுமா?" என்று கேட்டது ஒலிபெருக்கியில் தோட்டம் முழுக்கக் கேட்டது.

"பதினாலு நாளு தொண்டை கிழியக் கத்துனீங்களே," என்றார் அக்னஸ் அங்கிருந்தே. "வீட்டு ஓட்டுகூட விழலன்னா நல்லாவா இருக்கும்?"

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் நின்றது. புகைப்படக்காரர் முன்னால் ஓடிவர, பமேலா பின்னால் வர, ஒய்பி தினேஸ்வரன் பட்டு ஜிப்பாவில் உள்ளே நுழைந்தார். நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மண்டபம் முழுக்க உயர்ந்த கைகள். அவருக்குக் கண் கலங்கியது. இரண்டு கைகளையும் தூக்கி அசைத்தார். இப்போது இறக்கினால் மரியாதையாக இருக்காதே என்று யாரும் கையை இறக்கவில்லை. படக்காரர் நாற்காலி மேல் ஏறி நின்று எடுத்துத் தள்ளினார்.

"இந்த அன்பை நான் மறக்கவே மாட்டேன்," என்று ஒய்பி தழுதழுத்தார். "உங்களைப் பத்தி எனக்குத் தப்பா சொல்லி வச்சிருந்தாங்க."

"தப்பா சொன்னது நாங்கதான் தம்பி," என்றார் மீனம்மா. "இப்பக் கண்ணால பாத்துட்டீங்கல்ல? போட்டது நாங்கதான். பஸ்ஸு?"

"அதைத்தான்கா பாத்துக்கிட்டே இருக்கேன்."

"எப்ப வந்து கேக்கலாம்?"

சுற்றிலும் கைகள், எதிரே படக்காரர், கையில் கிளீட்டஸ் கொடுத்த மைக். அந்த நிலையில் ஒரு மனிதர் வேறு என்ன சொல்ல முடியும்? "எப்ப வேணும்னாலும் வாங்க! திங்கட்கிழமை ஃபுல்லா ஆபீஸ்லதான் இருப்பேன்!"

சாயங்காலம் படம் ஃபேஸ்புக்கில் வந்துவிட்டது. "புக்கிட் லாடா என்றும் என்னோடு" என்று கீழே எழுதியிருந்தது. அதன் பிறகு போடவில்லை என்று சொல்லும் வசதி தோட்டத்துக்காரர்களுக்குப் போயிற்று. போடாதவர்கள் என்று சொல்லும் வசதி ஒய்பிக்கும் போயிற்று.

திங்கட்கிழமை வேன் மூன்று நடை அடித்தது. முப்பத்தோரு பேர் ஜாசின் மாடிப்படியில் ஏறினார்கள். மருதமுத்து அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். தன் கை முழுதாகத் தெரியவில்லையே என்று வழி முழுக்க அவருக்குக் குறை.

"பஸ் கம்பெனிக்கு லெட்டர் போட்டாச்சு," என்றார் ஒய்பி.

"நகல் இருக்குமே தம்பி?" என்றார் அக்னஸ்.

ஒய்பி பமேலாவைப் பார்த்தார். பமேலா கணினியைப் பார்த்தாள். "டைப் பண்ணிக்கிட்டு இருக்கோம்," என்றார் ஒய்பி.

"கொஞ்சம் தள்ளிக்கம்மா," என்று அக்னஸ் கணினி முன்னால் உட்கார்ந்தார். இருபத்தெட்டு வருடம் மேனேஜர்களுக்காக மலாயில் கடிதம் அடித்த விரல்கள் அவை. எத்தனை பிள்ளைகள், எத்தனை வேலையாட்கள், எந்த நேரத்துக்கு எந்த நடை, இரண்டு வாரத்தில் பதில் தேவை, எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கியது. பத்து நிமிடம். அச்சடித்ததைக் கிளீட்டஸ் வாங்கி, மைக் இல்லாமலேயே எல்லாருக்கும் படித்துத் தமிழில் சொன்னார். கீச்சுக்குரல்தான், ஆனால் யாரும் "கேக்கல" என்று சொல்லவில்லை. ஒய்பி கையெழுத்துப் போட்டார். பமேலா எல்லார் கண்முன்னாலும் அனுப்பினாள்.

இரண்டு வாரத்தில் வந்த பதில், பரிசீலிக்கிறோம் என்றது. அக்னஸ் அதற்கும் ஒரு கடிதம் அடித்தார். அதற்கு வந்த பதிலில், வழியைப் பார்க்க ஒரு அதிகாரி வருவார் என்று இருந்தது. அவர் காரில் வந்தார், பார்த்தார், ரோடு ரொம்ப மோசம் என்று குறித்துக்கொண்டு போனார். ரோட்டுக்கு இப்போது தனிக் கடிதம் போயிருக்கிறது. பிழைப்பில் கிளீட்டஸுக்குப் பெரிய முன்னேற்றம் ஒன்றும் இல்லை. அவர் சொல்வதைத் தோட்டம் இப்போது நம்புகிறது. ஆனால் உள்ளதை உள்ளபடி அறிவிக்கிறவரைக் கல்யாண வீட்டார் கொஞ்சம் யோசித்துத்தான் கூப்பிடுகிறார்கள்.

அந்த மனிதருக்குப் போட்டது தப்பு என்று புக்கிட் லாடாவில் இப்போது எல்லாரும் வெளிப்படையாகவே சொல்கிறார்கள், ஒய்பியின் முகத்துக்கு நேராகவும். திங்கட்கிழமைதோறும் பத்துப் பன்னிரண்டு பேர் முறை வைத்துக்கொண்டு சேவை மையத்துக்குப் போகிறார்கள். அங்கே இருந்தவை நான்கு நாற்காலிகள். இத்தனை பேர் படிக்கட்டு வரைக்கும் நிற்பதைப் பார்த்து, போன மாதம் ஒய்பி இன்னும் பத்து வாங்கிப் போட்டிருக்கிறார். பதவிக்கு வந்து இரண்டு வருடத்தில் புக்கிட் லாடா மக்களுக்கு அவர் செய்துகொடுத்த முதல் வசதி அது. மீனம்மா ஒன்றில் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கால் ஆடுகிறது என்றார். அடுத்த திங்கட்கிழமை மாற்றி வைத்திருந்தார்கள்.